மதகுக் கல்லில் ஒட்டிய விலங்கு

(பாலக்காடு மாவட்டம் சித்தூரில் தமிழ் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரை. கேள்வி நேரத்தில் பேசியவற்றில் சில கடைசியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



மேசை மேல் கிடக்கும் இந்தக் கருங்கல் சில்லு நம் கிழக்குப் பக்கத்து ஏரி ஒன்றின் மதகடியிலிருந்து வந்தது. மே மாதத்தில் எடுத்தது. கல்லின் அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொருக்கு ஒட்டியிருக்கிறது, பாருங்கள். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். காய்ந்த பிறகும் லேசாகக் கவிச்சி அடிக்கும். உள்ளே வரும்போது ஒருவர் இதைக் காய்ந்த பாசி என்றார். இன்னொருவர் கரையான் வேலை என்றார். மாணவி ஒருத்தி லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், உள்ளே கசகசா மாதிரி என்னமோ இருக்கு" என்றாள். மூவரில் அவள்தான் சரியான இடத்தைப் பார்த்திருக்கிறாள். அந்தக் கசகசாவுக்குப் பிறகு வருகிறேன்.

இது ஒரு விலங்கு. சரியாகச் சொன்னால் ஒரு விலங்கின் மிச்சம். கடலில் கிடைக்கும் ஸ்பாஞ்சின் நன்னீர் உறவு, நன்னீர்ப் பஞ்சு. இதற்கு வாய் கிடையாது, வயிறு கிடையாது, இதயமோ இரத்தமோ நரம்போ எதுவும் கிடையாது. முளைத்த இடத்தைவிட்டு நகராது. ஆனாலும் விலங்கியல் புத்தகத்தில் ஆனைக்கும் நமக்கும் முன்னால், முதல் அத்தியாயத்திலேயே இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் நாமெல்லாரும் துளையுடலிகள் என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டுத் தாண்டிப் போனோம். அந்த இரண்டு மதிப்பெண்ணில் விட்டுப்போனதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

இதை விலங்கு என்று நிறுவவே மனிதனுக்கு வெகுகாலம் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட, இது செடியா விலங்கா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1820களில் எடின்பரோவில் ராபர்ட் கிரான்ட் என்ற மருத்துவர் ஒரு வேலை செய்தார். உயிருள்ள ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைக் கடல்நீரில் போட்டு நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பொறுமையாகப் பார்த்தார். மேலே இருந்த பெரிய துளையிலிருந்து தண்ணீர் விடாமல் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தது. உள்ளிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளையும் தள்ளிக்கொண்டு வந்தது. தண்ணீர் பக்கத்திலுள்ள நுண்துளைகள் வழியே நுழைந்து, உள்ளே சுற்றி, பெரிய துளை வழியே வெளியேறுகிறது என்று அவர் காட்டினார். இந்தக் கூட்டத்துக்கு போரிஃபெரா என்ற பெயரைக் கொடுத்தவரும் அவர்தான். அந்தக் காலத்தில் அவரோடு கடற்கரையில் பூச்சி புழு பொறுக்கித் திரிந்த மருத்துவ மாணவர்களில் சார்ல்ஸ் டார்வின் என்ற பையனும் ஒருவன். மருத்துவப் படிப்பு அவனுக்கு ஒட்டவில்லை. கிரான்டோடு சுற்றியது ஒட்டிக்கொண்டது.

தண்ணீரை ஓட வைப்பது எது? அதுதான் இந்த உயிரின் சூட்சுமம். உட்சுவர் முழுக்க நுண்ணிய அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையின் சுவரிலும் வரிசையாகச் செல்கள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு செல்லுக்கும் நடுவில் சாட்டை போன்ற ஒற்றை இழை. அதைச் சுற்றி மெல்லிய நார்களால் ஆன ஒரு கழுத்துப்பட்டை. இழை அடித்தால் தண்ணீர் நகரும். நகரும் தண்ணீரிலுள்ள பாக்டீரியாக்கள் கழுத்துப்பட்டையில் சிக்கும். செல் அவற்றை விழுங்கிவிடும். வாயும் வயிறும் இல்லாத விலங்கில் ஒவ்வொரு செல்லும் தன் சோற்றைத் தானே பிடித்து, பக்கத்திலிருப்பவனுக்கும் கொஞ்சம் கொடுத்துப் பிழைக்கிறது. கழுத்துப்பட்டைச் செல்கள் பிடித்த இரையை வாங்கி எடுத்துக்கொண்டு அமீபா மாதிரி ஊர்ந்து போகும் வேறு செல்களும் உள்ளே உண்டு.

இது எவ்வளவு தண்ணீர் இறைக்கும் என்று கேட்பீர்கள். பாடப்புத்தகங்களில் லியூகோனியா என்ற கடல்வகையின் கணக்கு இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் உயரம், ஒரு சென்டிமீட்டர் குறுக்களவு. அதற்குள் சுமார் 22 லட்சம் அறைகள், 81,000 உள்வரும் கால்வாய்கள். ஒரு நாளைக்கு 22.5 லிட்டர் தண்ணீர் அதன் வழியே போகிறது. மின்சாரம் இல்லாமல், மோட்டார் சத்தம் இல்லாமல். பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வரவேண்டிய 7.25 டிஎம்சிக்காக 1970இலிருந்து தமிழ்நாடும் நாமும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நன்னீர்ப் பஞ்சு ஒட்டிக்கொள்ளும் மதகிலும் அணைச்சுவரிலும் தண்ணீர் யார் கணக்கில் போனாலும், அது போகிற வழியில் வடிகட்டிக்கொண்டுதான் இருக்கும்.

எலும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பொருக்கைத் தொட்டுவிட்டுக் கையைச் சொறிந்தவர்கள் இங்கே இரண்டு பேர் இருக்கிறீர்கள். காரணம், இதன் உடம்பைத் தாங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். ஸ்பிக்யூல் என்பார்கள். சிலிக்காவால் ஆனவை, கண்ணாடியும் அதே சரக்குத்தான். அந்த ஊசிகளைக் கட்டுக்கட்டாக ஸ்பாஞ்சின் என்ற புரதம் ஒட்டிப் பிடித்திருக்கும். சிலிக்கா எங்கிருந்து வருகிறது? ஆனைமலைப் பாறையிலிருந்து. அங்கே இருப்பது சார்னோகைட்டும் நைஸும். மழை அந்தப் பாறையை மெல்ல மெல்லக் கரைக்கிறது, கரைந்த சிலிக்கா ஆற்றில் வருகிறது, தண்ணீரில் மிகக் குறைந்த அளவில் கரைந்திருப்பதை இந்த உயிர் பிடித்து ஊசியாக வார்க்கிறது. நாம் கண்ணாடி செய்ய ஆயிரத்துச் சொச்சம் டிகிரி சூளை வேண்டும். இது குளத்துத் தண்ணீர்ச் சூட்டிலேயே, சிலிகேட்டீன் என்ற ஒரு நொதியை வைத்துக்கொண்டு செய்துவிடுகிறது. பொருட்பொறியியல் ஆட்கள் இந்த நொதியின் பின்னால் அலைவது சும்மா இல்லை.

இப்போது அந்தக் கசகசா. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சோதனையைச் சொல்லவேண்டும்.

1907இல் அமெரிக்காவில் எச்.வி. வில்சன் என்பவர் ஒரு சிவப்பு ஸ்பாஞ்சைத் துண்டாக்கி, மெல்லிய பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார். செல்கள் தனித்தனியாகப் பிரிந்து கடல்நீரில் விழுந்தன. பார்வைக்கு வெறும் சிவப்புக் கலங்கல். சிறிது நேரத்தில் அந்தச் செல்கள் ஊர்ந்து ஒன்றையொன்று தேடிச் சின்ன உருண்டைகளாகச் சேர்ந்தன. பிறகு அந்த உருண்டைகள் அறைகளும் கால்வாய்களும் உள்ள புதிய ஸ்பாஞ்சுகளாக வளர்ந்தன. நம் உடம்பை இப்படிப் பிரித்தால் சேர்க்க முடியுமா? ஸ்பாஞ்ச் இப்படி மறுபடி சேருவதில் முக்கிய வேலையைச் செய்பவை ஆர்க்கியோசைட் என்ற செல்கள். எந்தச் செல்லாகவும் மாறும் திறன் அவற்றுக்கு உண்டு. நம் உடம்பில் அப்படிப்பட்ட ஸ்டெம் செல்களை மருத்துவர்கள் தேடித்தேடி எடுக்கிறார்கள். இதற்கோ அது அன்றாடப் பிழைப்பு.

நன்னீர்ப் பஞ்சு இந்தச் செல்களை வைத்துத்தான் வறட்சியைத் தாண்டுகிறது. தண்ணீர் குறைந்து நிலைமை கெடும்போது, உடம்புக்குள் அங்கங்கே ஆர்க்கியோசைட்டுகள் கூடுகின்றன. சத்தை உள்ளே அடைத்துக்கொள்கின்றன. அவற்றைச் சுற்றி கெட்டியான உறை கட்டப்படுகிறது. அதற்கு மேல் காற்றறைகள் நிறைந்த ஒரு படலம். அந்தப் படலத்துக்குள் சின்னச் சின்ன ஊசிகள் நெருக்கமாகக் குத்தி வைக்கப்படுகின்றன. ஓர் இடத்தில் மட்டும் ஒரு சிறு வாசல். இதுதான் ஜெம்மியூல். அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். பிறகு தாய் உடம்பு செத்து அழுகிக் காய்ந்து போகிறது. இந்தக் கல்லில் நீங்கள் பார்ப்பது அந்தப் பிணம். உள்ளே தெரியும் மணிகள் பிணம் இல்லை. வெயிலிலும் வறட்சியிலும் அவை கிடக்கும். மறுபடி தண்ணீர் வந்தால் சில நாளில் வாசல் திறந்து செல்கள் வழிந்து வெளியே வரும். வந்தவை கல்லில் ஒட்டிப் பரவி, கால்வாய் வெட்டி, அறை கட்டி, ஒரு வாரத்துக்குள் தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிடும்.

ஐரோப்பாவில் இந்த மணிகள் பனிக்காலத்துக்கான ஏற்பாடு. ஏரி உறைந்தால் உள்ளே பத்திரமாக இருக்கவேண்டும். நம் நாட்டிலோ எதிரி வெயில். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தைப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி. கேரளம் என்றால் மழை என்று நினைப்பவர்களுக்கு இங்கே வந்து பார்த்தால்தான் புரியும். இடுக்கியின் கிழக்கு ஓரமும் அப்படித்தான். மறையூரும் காந்தளூரும் சின்னாறும் ஆனைமுடியின் மழை மறைவில் இருக்கின்றன. மூணாற்றில் கொட்டுகிற மழை அந்தச் சரிவைத் தாண்டும்போது பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. தண்ணீர் வருவதும் போவதுமாக இருக்கிற இப்படிப்பட்ட ஊர்களில் நம்மவர்கள் ஏரி வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். நன்னீர்ப் பஞ்சு ஜெம்மியூல் கட்டியது.

இங்கே ஓர் ஆற்றுக் கணக்கும் இருக்கிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே ஓடுகின்றன. கிழக்கே ஓடுபவை மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. இவற்றில் பவானி அட்டப்பாடி வழியே பாலக்காட்டின் சொத்து. பாம்பாறு மறையூர் வழியே, தூவானம் அருவி வழியே இடுக்கியின் சொத்து. இரண்டுமே தமிழ்நாட்டுக்குள் போய்க் கடைசியில் காவிரியில் சேர்கின்றன. ஆனால் நம் சித்தூர்ப் புழை பாரதப்புழையில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. நீர்ப்பிரிமேட்டின் இரண்டு பக்கம். மீனால் அதை நடந்து தாண்ட முடியாது. ஜெம்மியூலுக்கு அந்தக் கஷ்டமில்லை. கொக்கின் காலில் ஒட்டிய சேற்றோடு போகலாம், காற்றிலும் போகலாம். நன்னீர்ப் பஞ்சுகளில் சில வகைகள் கண்டம் கண்டமாகப் பரவிக்கிடப்பதற்கு இந்த மணிகள் ஒரு முக்கியக் காரணம். அர்ஜென்டினாவில் சுபுட் என்ற இடத்தில் டைனோசர் காலத்துப் பாறையில் ஜெம்மியூலோடு கூடிய நன்னீர்ப் பஞ்சின் புதைபடிவமே கிடைத்திருக்கிறது. அப்போதே இந்த வித்தை தேர்ந்துவிட்டது.

இந்தியாவில் இவற்றை முதலில் உட்கார்ந்து பார்த்தவர் பம்பாயில் படை மருத்துவராக இருந்த ஹென்றி ஜான் கார்ட்டர். 1840களில் பம்பாய்த் தீவிலிருந்த குளங்களில் இறங்கி நன்னீர்ப் பஞ்சுகளைச் சேகரித்தார். 1849இல் விவரமாக எழுதினார். ஆல்பா, ப்ளூமோசா என்று அவர் வைத்த பெயர்கள் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. நம் குளங்களில் சாதாரணமாகத் தென்படும் பெரிய வகை ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்: கார்ட்டெரி. பிற்பாடு உயிருள்ள பஞ்சுக்குச் சிவப்புச் சாயத்தூளை ஊட்டிவிட்டு, அது எந்தச் செல்லில் போய்ச் சேருகிறது என்று தொடர்ந்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் இதெல்லாம்.

அடுத்தவர் நெல்சன் அனன்டேல். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் தலைவர். 1916இல் இந்திய விலங்கியல் ஆய்வகம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர். 1911இல் நன்னீர்ப் பஞ்சுகளுக்கு நிறைய இடம் கொடுத்து ஒரு தொகுதி எழுதினார். அதில் நம் மலைத்தொடருக்கும் ஓர் இடம் உண்டு. திருவிதாங்கூரில், மேற்குத்தொடர்ச்சி மலையின் மேற்கு அடிவாரத்திலுள்ள தென்மலையில் கிடைத்த ஒரு பஞ்சை 1909இல் புதிய பேரினமாகவே அறிவித்தார். பெக்டிஸ்பாஞ்சில்லா ஆரியா. பொன் நிறம். செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் ரயிலில் போனவர்களுக்குத் தென்மலை தெரியும். இதன் சிறப்பு ஜெம்மியூல் ஊசியில் இருக்கிறது. ஊசியின் இரு முனைகளிலும் முட்கள் ஒரே பக்கமாகச் சீப்புப் பல்லாக வரிசை கட்டியிருக்கும். நன்னீர்ப் பஞ்சுக்குப் பேர் சொல்ல நிறமோ உருவமோ உதவாது. வெயிலில் இருந்தால் உடம்புக்குள் பாசி குடியேறிப் பச்சையாக இருக்கும்; நிழலில் இருந்தால் அதே வகை வெளிறிப்போய்க் கிடக்கும். ஓடும் தண்ணீரில் தட்டையாகப் படரும். நின்ற தண்ணீரில் கட்டியாகத் திரளும். ஜெம்மியூலின் ஊசியைப் பார்த்தால்தான் சாதி தெரியும். ஆகவே தேடுபவனுக்கு நல்ல காலம் செழிப்பான காலம் இல்லை, வறட்சி தொடங்குகிற காலம்.

சரி, இந்த விலங்கு எங்கிருந்து வந்தது?

1860களில் ஹென்றி ஜேம்ஸ்-கிளார்க் என்ற அமெரிக்கர் ஸ்பாஞ்சின் கழுத்துப்பட்டைச் செல்லைப் பார்த்துத் திகைத்தார். குளத்துத் தண்ணீரிலும் கடலிலும் தனியாக வாழும் ஒற்றைச்செல் உயிர் ஒன்று உண்டு, கொயனோஃபிளஜெல்லேட் என்று பெயர். அதே சாட்டை, அதே கழுத்துப்பட்டை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. அப்படியானால் இந்த ஒற்றைச்செல் உயிர்கள் கூடி வாழத் தொடங்கியதுதான் முதல் விலங்கா? இந்த எண்ணம் நூறு வருடத்துக்கு மேல் பாடப்புத்தகத்தை ஆண்டது. பிறகு மரபணு ஆராய்ச்சி வந்தது. விலங்குகளுக்கு மிக நெருங்கிய ஒற்றைச்செல் உறவு இந்தக் கொயனோஃபிளஜெல்லேட்தான் என்று அது உறுதி செய்தது. நம் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் சில புரதங்களின் ஜீன்கள் அந்தத் தனிக்கட்டை உயிரிடமே இருந்தன. அவற்றில் ஒருவகை, ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா பக்கத்தில் இருந்தால் பூவைப் போல் வட்டமாகக் கூடிவிடுகிறது என்று நிக்கோல் கிங்கின் குழு 2012இல் காட்டியது.

ஆனால் 2019இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று கதையை மடக்கியது. ஸ்பாஞ்சின் வெவ்வேறு செல்களில் எந்தெந்த ஜீன்கள் இயங்குகின்றன என்று பார்த்தார்கள். கழுத்துப்பட்டைச் செல்லின் ஜீன் இயக்கம், வெளித்தோற்றத்தில் அதன் இரட்டைப் பிறவியாக இருக்கும் கொயனோஃபிளஜெல்லேட்டை எதிர்பார்த்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. ஒப்புமை அதிகம் தெரிந்தது எதற்கு என்றால், எதுவாகவும் மாறும் ஆர்க்கியோசைட்டுக்கு. முதல் விலங்கின் செல் வேலைக்கு வேலை உருமாறும் தன்மையோடு தொடங்கியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது. அப்படிப் பார்த்தால், கோடையில் மதகுக் கல்லில் ஜெம்மியூல் கட்டும் அதே செல்தான் விலங்குலகத்தின் ஆரம்பத்துக்கும் அருகில் நிற்கிறது. முடிவான விஷயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

அதைவிடப் பெரிய வாதம் இன்னொன்று. விலங்கு மரத்தில் முதலில் பிரிந்த கிளை எது? வெகுகாலம் எல்லாரும் ஸ்பாஞ்ச் என்றுதான் சொன்னார்கள். 2008இல் வந்த ஓர் ஆய்வு, இல்லை, சீப்பு ஜெல்லி என்றது. கடலில் மிதக்கும் கண்ணாடி போன்ற உயிர், வரிசையாக மயிர்ச்சீப்புகளை அடித்து நீந்தும். அதற்கு நரம்பு உண்டு, தசை உண்டு. அது முதல் கிளை என்றால் சங்கடம்: நரம்பு முதலிலேயே இருந்து ஸ்பாஞ்ச் அதைத் தொலைத்திருக்க வேண்டும், அல்லது நரம்பு இரண்டு தடவை தனித்தனியாக உண்டாகியிருக்க வேண்டும். இரண்டுமே எளிதில் விழுங்கக்கூடிய செய்தி இல்லை. 2013இல் சீப்பு ஜெல்லியின் மரபணுத் தொகுதி வந்தபோது அதுவும் சீப்பு ஜெல்லி பக்கமே சாய்ந்தது. 2017இல் வேறு கணக்குமுறையில் பார்த்தவர்கள் மறுபடி ஸ்பாஞ்சைக் கொண்டுவந்தார்கள். 2023இல் டாரின் ஷுல்ட்ஸும் கூட்டாளிகளும் ஜீன் வரிசையை விட்டுவிட்டு, எந்த ஜீன் எந்தக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். ஒற்றைச்செல் உறவுகளிலும் சீப்பு ஜெல்லியிலும் தனித்தனிக் குரோமோசோம்களில் இருக்கும் சில ஜீன் கூட்டங்கள், ஸ்பாஞ்சிலும் மற்ற விலங்குகளிலும் ஒரே குரோமோசோமில் சேர்ந்து கலந்து கிடக்கின்றன. ஒருமுறை கலந்துவிட்ட ஜீன்கள் பழைய கூட்டங்களாகவே துல்லியமாகப் பிரிந்து போக வழியில்லை. ஆகவே சீப்பு ஜெல்லி முன்பே பிரிந்துவிட்டது என்றார்கள். வாதம் வலுவானது. ஆனாலும் ஸ்பாஞ்ச் கட்சி இன்னும் ஆயுதத்தைக் கீழே போடவில்லை.

பாறைகளும் ஒத்துழைக்க மறுக்கின்றன. ஓமான் நாட்டில் 63 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறையில் ஸ்பாஞ்சுக்கே உரியது என்று நம்பப்பட்ட ஒரு கொழுப்புப் பொருளின் தடயத்தை 2009இல் கண்டார்கள். அந்தப் பொருள் பாசியின் கொழுப்பு பூமிக்கடியில் மாறியும் உண்டாகலாம் என்று பின்னால் வேறு ஆட்கள் காட்டிவிட்டார்கள். 2021இல் எலிசபெத் டர்னர் வடமேற்குக் கனடாவின் 89 கோடி ஆண்டுப் பாறையில் ஸ்பாஞ்சின் வலைப்பின்னல் தெரிகிறது என்றார். பலர் தலையசைக்கவில்லை. கேம்பிரியன் காலத்துக்கு வந்துவிட்டால், அதாவது சுமார் 54 கோடி ஆண்டுக்கு இப்பால், ஊசிகளோடு சந்தேகமற்ற ஸ்பாஞ்சுகள் கிடைக்கின்றன. இடையிலிருக்கும் இடைவெளிக்குக் காரணம், ஆரம்பகால ஸ்பாஞ்சுகளுக்குக் கல்லாகும் ஊசிகளே இல்லாமல் இருந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். மென்மையான உடம்பு மட்டும் எதை விட்டுவைக்கும்?

இந்த ஆராய்ச்சிகளில் நம்மை உலுக்குவது இன்னொன்று. கிரேட் பேரியர் ரீஃபில் வாழும் ஒரு ஸ்பாஞ்சின் மரபணுத் தொகுதியை 2010இல் மான்சி ஸ்ரீவஸ்தவாவும் குழுவினரும் வெளியிட்டார்கள். நரம்புச் சந்திப்பில் நமக்குப் பயன்படும் பல புரதங்களின் ஜீன்கள், நரம்பே இல்லாத அந்த உயிரில் இருந்தன. 2020இல் எஃபிடேஷியா முல்லெரி என்ற நன்னீர்ப் பஞ்சின் தொகுதி வந்தது. புரதம் செய்யும் ஜீன்கள் 39,000க்கு மேல் என்றார்கள். நம்மிடம் இருப்பது ஏறத்தாழ 20,000. "எளிய உயிர்" என்று பாடத்தில் போட்டவர்கள் எந்தக் கணக்கில் போட்டார்களோ.

அந்த எஃபிடேஷியா தும்மவும் செய்கிறது. கால்வாயில் குப்பை சேர்ந்தால் முழு உடம்பும் மெல்ல உப்பி, பிறகு சுருங்கி, குப்பையை வெளியே தள்ளுகிறது. நிமிடக் கணக்கில் நடக்கிற தும்மல். பெரிய துளையின் விளிம்பிலுள்ள அசையாத சிறு மயிர்கள் தண்ணீர் ஓட்டத்தை உணர்கின்றன. 2021இல் ஜேக்கப் முஸ்ஸரும் கூட்டாளிகளும் ஸ்பாஞ்சில்லா என்ற இன்னொரு நன்னீர்ப் பஞ்சின் செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கழுத்துப்பட்டைச் செல்களை நோக்கிக் கைநீட்டிச் சுரக்கும் செல்களைக் கண்டார்கள். நரம்பு என்று சொல்லிவிட முடியாது. நரம்புக்கு முந்தைய பேச்சுவார்த்தை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆகவே ஸ்பாஞ்சை நம் முன்னோர் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நாமும் இதுவும் ஒரே முன்னோரிடமிருந்து வந்து, ஒரே அளவு காலம் நடந்து, இன்றைக்கு இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். நாம் நரம்பையும் எலும்பையும் சேர்த்துக்கொண்டு வந்தோம். இது எதையும் நிரந்தரமாகக் கட்டிக்கொள்ளாமல் வந்தது. இதயம் வைத்திருக்கிற உயிர், ஏரி வற்றும்போது இதயத்தைப் பிரித்து மணியாகக் கட்டிவைக்க முடியாது.

கடல் பக்கம் விரிவாகப் போக நேரமில்லை. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பி.ஏ. தாமஸ் அவற்றைத் தொகுப்பதில் ஆயுளைச் செலவழித்தார். முத்துச்சிப்பியைத் துளைத்து அரிக்கும் ஸ்பாஞ்சுகளும் அங்கே இருக்கின்றன. முத்துக்குளிப்பவர்களுக்கு அது பழைய தொல்லை. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சைடரபின் மருந்து, கரீபியன் ஸ்பாஞ்ச் ஒன்றில் 1950களின் தொடக்கத்தில் கண்ட பொருள்களைப் பார்த்து உருவானது. மார்பகப் புற்றுநோய்க்கான எரிபுலின் மருந்துக்கு மூலம் ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்று.

*

கேள்வி நேரத்தில் பேசியவை:

குடிநீர் வாரியத்தில் பம்பு இயக்கி ஓய்வுபெற்ற ஒருவர், இது குழாயை அடைக்குமா என்று கேட்டார். அடைக்கும். இருட்டான குழாய்க்குள்ளும் வளரும், ஏனென்றால் இதற்கு வெளிச்சம் தேவையில்லை, உணவு கொண்டுவரும் தண்ணீர் ஓட்டம்தான் தேவை. 1881இல் அமெரிக்காவில் போஸ்டன் நகரக் குடிநீரில் வெள்ளரிக்காய் வாசமும் மீன் எண்ணெய் நாற்றமும் வந்து ஊரே கூச்சல் போட்டது. ஐரா ரெம்சன் என்ற வேதியியல் பேராசிரியரை அழைத்து ஆராய்ந்தபோது, நீர்த்தேக்கம் ஒன்றில் அழுகிக் கிடந்த நன்னீர்ப் பஞ்சுதான் காரணம் என்று அவர் சொன்னார். குடித்தவர்களுக்கு நாற்றம்தான் கஷ்டம்.

அரிப்பு பற்றி இன்னொரு கேள்வி. ஊசிகள் தோலில் குத்துவதால் வரும் அரிப்பு அது, கழுவினால் அடங்கும். கண்ணைக் கசக்காதீர்கள். பிரேசிலில் அரகுவாயா ஆற்றில் குளித்தவர்களுக்கு இந்த ஊசிகளால் கண்ணில் புண் வந்தது பதிவாகியிருக்கிறது. அதே பிரேசிலில் அமேசான் கரைப் பழங்குடிகள் இந்த ஊசிகளைக் களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்து உறுதியான பானை செய்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

ஊசியை எப்படிப் பார்ப்பது என்று ஓர் ஆசிரியர் கேட்டார். நகத்தளவு பொருக்கைச் சோதனைக்குழாயில் போட்டு, ஆய்வக ஆசிரியர் பக்கத்தில் நிற்க, நைட்ரிக் அமிலம் விட்டுச் சூடாக்கவேண்டும். சதை கரைந்துவிடும், சிலிக்கா கரையாது. பலமுறை தண்ணீர் மாற்றி அலசி, அடியில் தங்கிய வெள்ளைத்தூளில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்தால் பள்ளி நுண்ணோக்கியிலேயே தெரியும். நீளமான ஊசிகள் உடம்புக்குரியவை. குட்டையாக, முள்ளோடு இருப்பவை ஜெம்மியூலுக்குரியவை.

மறையூரிலிருந்து வந்த மாணவர் பாம்பாற்றில் எங்கே தேடுவது என்றார். வண்டல் படிகிற இடத்தில் வேண்டாம், துளைகள் அடைத்துப்போவதால் அங்கே இருக்காது. மெதுவாக ஓடும் தெளிந்த தண்ணீர், முங்கிக் கிடக்கும் மரக்கட்டை, பாலத்தூணின் நிழல் பக்கம், பெரிய கல்லின் அடி. ஜனவரியில் உயிரோடு பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டு, ஏப்ரல் மே மாதத்தில் மணிகளுக்காகத் திரும்பப் போகலாம். சின்னாறு சரணாலய எல்லைக்குள் எதையும் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், அதனால் மறையூர்ப் பக்கமே தொடங்குங்கள். திருப்பிப் பார்த்த கல்லை இருந்தபடியே கவிழ்த்து வைத்துவிட்டு வாருங்கள். அடிப்பக்கம் மேலே கிடந்தால் அதில் உயிரோடு ஒட்டியிருப்பவை ஒரே நாள் வெயிலில் செத்துவிடும்.